நானே திறந்து காட்டிய பை

இது நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு பெப்ரவரி மாதம், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிற லார்னகா என்ற ஊரில், ஒரு மலிவான விடுதியின் பெண்கள் அறையில் நடந்தது. சைப்ரஸ் என்ற தீவு நாட்டில் இருக்கிற சின்னத் துறைமுக ஊர் அது. அங்கே ஏன் போனாய் என்று கேட்டால், டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பதுதான் உண்மையான பதில்.

நான் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கட்டாரில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. அதே கிளினிக்கில் வேலை செய்கிற, என்னோடு அறையில் இருக்கிறவள் ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஊரில் இருந்தவரை இரண்டு பேருக்கும் அறிமுகமில்லை. கட்டாருக்கு வந்த பிறகுதான், சின்ன வயதில் என் தீபாவளிச் சட்டைத்துணி அவள் வாப்பாவின் கடையில்தான் கிழிக்கப்பட்டது என்பது தெரியவந்தது. அன்றிலிருந்து அக்கா தங்கை மாதிரி சண்டை பிடித்துக்கொண்டு ஒன்றாக இருக்கிறோம்.

இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் சில நாள் லீவு கிடைத்தது. ஊருக்குப் போய் வர அது போதாது. லார்னகாவில் ஓர் உப்பு ஏரி இருக்கிறதாம், அதன் கரையில் மிகப் பழைய பள்ளிவாசல் இருக்கிறதாம், குளிர்காலத்தில் ஏரி முழுக்க இளஞ்சிவப்பு நாரைகள் வந்து நிற்குமாம். போனில் படத்தைக் காட்டிக் காட்டியே என்னைச் சம்மதிக்க வைத்தாள். எனக்கு ஏரியும் வேண்டாம், நாரையும் வேண்டாம், கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது.

பெட்டி கொண்டுபோனால் விமானக்காரன் தனியாகக் காசு கேட்பான் என்று ஆளுக்கொரு தோள்பைதான் எடுத்தோம். நூடில்ஸ் பக்கெட், ஒரு டின் கட்டச் சம்பல் என்கிற மிளகாய்ச் சம்பல், பிஸ்கட், அப்புறம் ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய தேயிலைப் பக்கெட். கட்டாரில் எங்களோடு வேலை செய்கிறவர்கள் அங்கே குளிரும் குளிரும் என்று பயமுறுத்தினார்கள். நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது ஒரு குளிரா? கடற்காற்றில் எல்லோரும் காதை மூடிக்கொண்டு ஓட, நாங்கள் ஊர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றோம்.

முதல் நாள் நன்றாகவே போனது. கடலோரம் நீளமாகப் பேரீச்ச மரங்கள் நட்ட நடைபாதை. ஹோட்டல்களின் விலைப் பலகையை மட்டும் வாசித்துவிட்டு, பேக்கரியில் ரொட்டி வாங்கி, அங்கே உட்காரப் போட்டிருந்த மர வாங்கில் சாப்பிட்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வாங்குகளில் நம் நாட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள், அன்று அவர்களுக்கு லீவு. அந்த வழியாக வந்த ஒரு வயதான மனிதர் எங்கள் முன்னால் நின்று, வீட்டு வேலைக்கு ஆள் தேடுகிறேன், இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். என் தோழிக்குப் பதில் சொல்ல ஒரு விநாடி போதும். பல்லுப் பிடுங்கும் இடத்தில் இருக்கிறோம், உங்களுக்குப் பிடுங்க வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்டினார். அதைச் சொல்லிச் சொல்லிப் படுக்கப் போகும்வரை சிரித்தோம்.

மறுநாள் காலையில்தான் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கியது.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் அது மாறாது. தேத்தண்ணி போடலாம் என்று விடுதியின் பொதுச் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் கழுவுகிற தொட்டி நிறைய முதல் நாள் இரவு மற்றவர்கள் சமைத்த சட்டிகள். தட்டில் காய்ந்துபோன சீஸ், குழாயடியில் அடைத்துக்கொண்டு கிடக்கும் நூடில்ஸ்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு பீலிதான். மலையிலிருந்து குழாயில் வந்து விழுகிற தண்ணீர். காலையில் முதலில் குடத்தோடு போகிறவர், கல்லில் படிந்திருக்கிற பாசியையும் சோற்றுப் பருக்கையையும் தேய்த்துக் கழுவி விட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். யார் போட்ட குப்பை, நேற்று யார் கழுவினார்கள் என்றெல்லாம் கேட்கிறதில்லை. முதலில் வந்தவர் கழுவ வேண்டும், அவ்வளவுதான். அதே பழக்கத்தில் என் கை அந்தச் சட்டிகளையும் கழுவியது. மேசையைத் துடைத்தேன், கீழே கிடந்ததைக் கூட்டி அள்ளினேன். செய்கிறோம் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை.

அந்த நேரம் எங்கள் அறையில் படுத்திருந்த ஓர் ஐரோப்பியப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். டொய்லெட்டில் பேப்பர் இல்லை என்றாள். பாவம், அவசரம் போல என்று அலுமாரியில் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லாமல் போனாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் தோழி ரொட்டி வாங்கவும் பள்ளிவாசலுக்குப் போகிற பஸ்ஸை விசாரிக்கவும் வெளியே போயிருந்தாள். நான் அறையில் என் கட்டிலை உதறிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண் ஓவென்று அழுதுகொண்டு விடுதிக்காரியைக் கூட்டிவந்தாள். அவளுடைய தங்கக் கைச்சங்கிலியைக் காணவில்லையாம். விடியற்காலையில் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த கிளீனர்தான் அறைக்குள்ளும் போய் வந்தாள் என்று சொல்லி என்னைக் கையால் காட்டினாள்.

விடுதிக்காரி நடுத்தர வயதுப் பெண். நல்ல பேச்சுக்காரி. முதல் நாள் எனக்கு ஊர் வரைபடம் கொடுத்து எங்கே மலிவாகச் சாப்பிடலாம் என்று சொன்னவள். நான் கிளீனர் இல்லை, காசு கட்டித் தங்கியிருப்பவள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதை அவள் அந்தப் பெண்ணிடம் சொல்லவும் செய்தாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, எல்லோருக்கும் மனது லேசாக இருக்க வேண்டுமல்லவா, ஒருமுறை பைகளைப் பார்த்துவிடலாமா என்று கேட்டாள்.

அவள் கேட்டு முடிக்கக்கூட இல்லை. நான் என் பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்துவிட்டேன்.

உடுப்பு, உள்ளுடுப்பு, மாதத் தேவைக்கான பக்கெட், மாத்திரை, சம்பல் டின், பாஸ்போர்ட் எல்லாம் விரிப்பில் விழுந்தன. பையின் உள்பக்கத்து ஜிப்பையும் நானே திறந்தேன். ஸ்வெட்டர் பொக்கட்டை நானே வெளியே இழுத்துக் காட்டினேன். அதோடு விட்டேனா? இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. விடுதிக்காரி பையின் தையல் ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அந்தப் பெண் என் தேயிலைப் பக்கெட்டின் ரப்பர் பட்டியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் கிண்டினாள். கொஞ்சம் தேயிலை என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவள் அதைத் தட்டிக்கூட விடவில்லை.

அடுத்த கட்டிலில் நரைத்த முடியோடு ஓர் அம்மா இருந்தார். சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சுற்றுகிறவர். விடுதிக்காரி அவர் பக்கம் திரும்பி அதே மெல்லிய குரலில் கேட்டாள். அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக்கூட மூடவில்லை. என் பையைத் திறக்க மாட்டேன், சந்தேகம் இருந்தால் பொலிஸைக் கூப்பிடுங்கள் என்றார். விடுதிக்காரி உடனே சிரித்தாள். ஐயோ அதெல்லாம் தேவையில்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று அவரிடம் மன்னிப்பே கேட்டாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதுதான் நியாயம். இத்தனை லேசாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு விஷயமா இது? என் உள்ளுடுப்பு எல்லோர் கண் முன்னாலும் பரந்து கிடக்கிறது, அவருடைய சைக்கிள் பையின் பக்கிள்கூடத் திறக்கவில்லை. ஒரே அறை, ஒரே வாடகை, அவருக்கு ஒரு மாதிரி எனக்கு ஒரு மாதிரி!

அதற்குள் உண்மையான கிளீனர் வந்துவிட்டார். குருணாகல் பக்கத்துச் சிங்கள அக்கா. முதல் நாளே எங்களைப் பார்த்து நம் நாட்டு ஆட்கள் என்று சந்தோஷப்பட்டவர். விஷயம் என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் அவர் மாட்டியிருந்த கைப்பையை விடுதிக்காரி தானே எடுத்து, தானே திறந்து, தானே துழாவினாள். அவரிடம் அந்த மெல்லிய குரலில்கூடக் கேட்கவில்லை. அக்கா சுவரோடு ஒதுங்கி நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக விடுதிக்காரியின் கண், மேலடுக்குக் கட்டிலில் இருந்த என் தோழியின் பைக்குப் போனது. அதில் சின்னப் பூட்டு போட்டிருந்தது. அவள் கை அதை நோக்கி நீளவும் என் தோழி ரொட்டிப் பையோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. நான் நிற்கிற கோலத்தையும் கட்டிலில் கிடக்கிற சாமானையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று தமிழில் கேட்டாள். சொன்னேன். ரொட்டியை என் கையில் திணித்துவிட்டு, அவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாள். கடைசியாக அந்தப் பெண்ணிடம், நகையைத் தொலைத்தவள் நீதானே, உன் பையை எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாயா, முதலில் அதைச் செய் என்றாள். அந்தப் பெண் தன் பையை யாரும் பார்க்கவில்லை என்பதையே அப்போதுதான் யோசித்தவள் போல முழித்தாள்.

அவள் பையைப் பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. அக்கா பால்கனிக்குப் போய், காயப் போட்டிருந்த துவாய்களை எடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் கடலில் நனைந்து வந்து அப்படியே சுருட்டிப் போட்டிருந்த துவாயை விரித்து உதறினார். கைச்சங்கிலி தரையில் விழுந்தது. அக்கா அதை எடுத்து வந்து நீட்டினார். வாங்கிக்கொண்டவள் கேட்ட முதல் கேள்வி, இது உனக்கு எங்கே கிடைத்தது என்பது. அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் உச்சி வரை ஏறும்.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். நல்ல பிள்ளை போல என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்துக்கொள், நான் உன்னைக் கிளீனர் என்று நினைத்துவிட்டேன் என்றாள். தன் பையிலிருந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். அவளுக்கு அதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது.

என்ன அர்த்தம் இதற்கு? நான் கிளீனராக இருந்திருந்தால் என்னைத் திருடி என்று சொன்னது சரியாகிவிடுமா? அந்த இடத்திலேயே கிளீனர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் காதில் விழ இதைச் சொல்கிறாள். எனக்கு அதுவரை வராத வாய் அப்போது வந்தது. சாக்லேட்டை அவள் கட்டிலிலேயே வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டியது இந்த அக்காவிடமும்தான், அவரிடம் கேள் என்றேன். அவள் புரியாமல் விடுதிக்காரியைப் பார்த்தாள். விடுதிக்காரி என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, அதெல்லாம் ஒன்றுமில்லை, அவளுக்கு இது பழக்கம் என்றாள்.

“எபா நங்கி, எபா” என்றார் அக்கா. வேண்டாம் தங்கச்சி, வேண்டாம் என்று சிங்களத்தில் என்னைக் கெஞ்சினார். நான் விடவில்லை. கடைசியில் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொறி என்று ஒரு மன்னிப்பை முனகினாள். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கட்டில் விரிப்புகளைச் சுருட்டப் போனார். பிறகு நடையில் தனியாகப் பார்த்தபோது என்னைத் திட்டத்தான் செய்தார். நீங்கள் நாளைக்குப் போய்விடுவீர்கள், நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார்.

அந்த விடுதியை அப்போதே விட்டுப் போயிருக்க வேண்டும். முன்கூட்டியே கட்டிய காசு திரும்பி வராது. வேறு இடம் பிடிக்க எங்களிடம் வசதியும் இல்லை. மலிவாக ஊர் சுற்றப் போனவர்களுக்கு ரோஷப்படக்கூட ஓர் அளவுதான் இருக்கிறது என்பதை நினைத்து அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

பஸ்ஸில் உப்பு ஏரிக்குப் போகிற வழியெல்லாம் என் தோழி என்னை விடவில்லை.

“நீ என்னத்துக்குடி தொறந்து காட்டின? நீ களவெடுத்தியா?”

“இல்ல.”

“பயந்துட்டியா?”

“பயமும் இல்ல. கை தானா போச்சு.”

“தானா போகுமா? எங்க கடைக்கு வர்றவங்க பேக்க வாப்பா ஒரு நாளும் தொட்டதில்ல புள்ள. களவு போனாக்கூட தொட மாட்டாங்க. மனுசர் மானம்னு ஒன்னு இருக்கில்ல?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவள் பள்ளிவாசலுக்குள் தொழப் போனாள். நான் வெளியே ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். அவள் படத்தில் காட்டிய நாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. எனக்கு ஒன்றும் ரசிக்கவில்லை. என் கை ஏன் தானாகப் போனது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். கையை விலக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்த நிற்பு எங்கேயோ பார்த்ததாக இருந்தது.

அது அம்மாவின் நிற்பு. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது சட்டென்று விளங்கியது.

என் அம்மா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற பகுதியில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வெளியே வருகிற பெண்கள் எல்லோரும் வாசல் கேட்டில் நிற்க வேண்டும். தேயிலையை ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று காவலுக்கு நிற்கிற வாச்சர் சோதித்துத்தான் விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம் என்று நான் அந்தக் கேட்டில் காத்திருப்பேன். புருவத்திலும் கண்ணிமையிலும் தேயிலைத் தூசியோடு வருவார்கள். ஒவ்வொருவராகச் சோற்றுப் பையைக் கவிழ்த்து, சால்வையை உதறி, கையை விலக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குள் போகுமுன் கால் கழுவுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை என்றுதான் நினைத்திருந்தேன். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். ஒருவர் வாச்சர், மற்றவர்கள் புத்தகப் பையைத் திறந்து காட்டிக்கொண்டு வரிசையில் போக வேண்டும். சிரித்துச் சிரித்து விளையாடியிருக்கிறோம்!

அவளுக்கு இது பழக்கம் என்று அந்த விடுதிக்காரி சொன்னாளே, அது எனக்கும் பொருந்தும் என்று தெரிந்தபோது என் கோபம் அவளை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியது. தோட்டத்து மேல், கேட்டின் மேல், அந்த வாச்சர்மார் மேல் எல்லாம் கோபம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எல்லோரையும்விட அம்மா மேல்தான் அதிகம் வந்தது. இப்படி வளைந்து கொடுக்கத்தானே என்னைப் பழக்கிவிட்டார் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

அந்தக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்து சித்திரை வருடப் பிறப்புக்கு ஊருக்குக் கொண்டுபோனேன். போன இரண்டாம் நாள் மாலையில் தொழிற்சாலைக் கேட்டுக்குப் போய் நின்றேன். எதுவும் மாறியிருக்கவில்லை. பெண்கள் வந்தார்கள், கவிழ்த்தார்கள், உதறினார்கள், போனார்கள். அம்மாவும் வந்தார். வாச்சர் வாயைத் திறக்குமுன்பே பையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். இப்போதிருக்கிற வாச்சர் எங்களுக்கு மேல் லயத்துக்காரர், எனக்கு மாமா முறை. அவர் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. அந்த நேரம் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஜீப் உள்ளேயிருந்து வந்தது. மாமா ஓடிப்போய்த் தடியைத் தூக்கி சலாம் வைத்தார். ஜீப் நிற்காமல் போனது.

“மாமா, அந்த ஜீப்ப சோதிக்க மாட்டீங்களா? அதுக்குள்ள எத்தன மூட்ட வேணும்னாலும் வைக்கலாமே” என்றேன்.

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

“ஏம்மா, எனக்கு வேல வேணாமா? ஒங்க மகளுக்கு வெளிநாட்டுத் தண்ணி நல்லாதான் வேல செய்யுது அக்கா” என்றார் அம்மாவிடம்.

அம்மா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளி இழுத்துக்கொண்டு நடந்தார். லயத்துக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில் நான் கொட்டித் தீர்த்தேன். லார்னகா, கைச்சங்கிலி, கட்டிலில் பரப்பியது, கிளீனர் அக்கா எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே ஏறினார்.

“அவங்க கேட்டு முடிக்க முந்தியே நான் தொறந்து கொட்டிட்டேன்மா. நீங்க கேட்டுல செய்வீங்களே, அதே மாதிரி. ஒங்களப் பாத்துத்தான் இந்தப் பழக்கம் வந்துச்சு” என்றேன்.

அம்மா நின்றுவிட்டார்.

“என்னப் பாத்தா? நாங்க எதுக்குத் தொறக்குறோம்னு ஒனக்குத் தெரியுமா?”

“வாச்சருக்குப் பயந்துதான்.”

“பயந்தா! நீ கைக்குழந்தையா இருக்கையில ஒருத்தன் வாச்சரா இருந்தான். பைய பாக்க மாட்டான், மேல தடவித்தான் பாப்பான். சேலக்குள்ள தேயில இருக்கும்னு சொல்லி கைய விடுவான். எங்ககூட சலிக்கிற எடத்துல ஒரு புள்ள, புதுசா கல்யாணம் ஆனது, தெனமும் அழுதுகிட்டே வீட்டுக்குப் போகும். யாருக்கிட்ட சொன்னோம்னு நெனைக்கிற, எல்லாருக்கிட்டயும் சொன்னோம். ஒருத்தரும் காதுல வாங்கல. அப்பறம் நாங்களே பேசி வச்சுக்கிட்டோம். கேட்டுக்கு வந்ததுமே பைய கவுத்து, சால்வைய ஒதறி, கைய விரிச்சுக் காட்டிட்டு நிக்காம நடந்துரணும். பாக்க வேண்டியதத்தான் பாத்தாச்சே, இனி என்னத்த தடவுவான்? ஒருத்தி செஞ்சா புடிச்சு நிறுத்துவான். அத்தன பேரும் செஞ்சோம். அன்னையிலருந்து ஒருத்தன் கை எங்க மேல பட்டதில்ல.”

மூச்சு வாங்கியது அம்மாவுக்கு. இத்தனை வருடம் அந்தக் கேட்டில் நின்று நான் பார்த்ததற்கு அர்த்தம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா என்னையே திருப்பிக் கேட்டார்.

“எங்கள தொட வந்தான், நாங்க தொறந்தோம். ஒன்ன அங்க எவ தொட வந்தா? நீ என்னத்துக்குத் தொறந்த?”

என் தோழி பஸ்ஸில் கேட்ட அதே கேள்விதான். அவளிடம் கை தானாகப் போனது என்று சொல்லித் தப்பித்தேன். அம்மாவிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பாதையிலேயே நின்று அழுதுவிட்டேன். அம்மா ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. இருட்டப் போகுது, அட்டை ஏறும், நட என்று முன்னால் ஏறிப் போனார்.

என் கோபம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அம்மாவின் மேல் இருந்தது மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, இன்னும் கூடியும் இருக்கிறது. உடம்பில் கை படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, தினமும் தன் சோற்றுப் பையைக் கேட்டில் எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் காட்டி ஒருத்தி மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால், அதைப் பெருமையாக மட்டும் நினைத்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அந்த வாச்சர் போய்ச் சேர்ந்துவிட்டான், ஜீப் இன்னும் சோதனையில்லாமல்தான் போகிறது. வெளியூரில் ஒரு விடுதிக்காரி இனிமையாகச் சிரித்துக்கொண்டே யாருடைய பையைத் தொடலாம், யாருடையதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிறாள். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இப்போதெல்லாம் கடை வாசலிலோ வேறு எங்கேயோ யாராவது பையைக் காட்டச் சொன்னால், முதலில் நின்று சுற்றிலும் பார்த்து, மற்றவர்களிடமும் கேட்டீர்களா என்று கேட்கிறேன். அதற்குள் ஜிப்பில் போய் நிற்கிற என் கையைத்தான் இன்னும் ஒவ்வொரு தடவையும் அதட்டிப் பின்னால் இழுக்க வேண்டியிருக்கிறது.